கோணல்தானுங்க சரி

பனியன் நகரத்து ராயபுரத்தில் எங்கள் தெருவில் அம்புக்குறியக்காவின் சோதனைக்குத் தப்பிய பொருள் ஒன்றுமில்லை. சூரியனும் நிலவும் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்ததால் பிழைத்தன.

பனியன் கம்பெனியில் முப்பது ஆண்டுகள் செக்கிங் பிரிவில் இருந்தவர். தைத்து வரும் துணியில் குறை தென்பட்டால் அதன்மேல் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது அங்கே முறை. ஓய்வுபெற்ற நாளில் கம்பெனி அவருக்குச் சால்வை போர்த்தியது. அவர் ஸ்டிக்கர் சுருள்களைக் கேட்டு வாங்கி வந்தார். கொடியில் உலர்ந்த என் புதுப் பனியன் மூன்று அம்புகளோடு வீடு திரும்பியது. ஒரு திருமணத்தில் மணமக்களை வாழ்த்திவிட்டு இறங்கினார். அதன்பின் எடுத்த படங்கள் அனைத்திலும் மாப்பிள்ளையின் தோள்பட்டையில் ஓர் அம்பு. தெருமுனைக் குழியில் ஸ்டிக்கர் ஒட்டவில்லை என்பதால் பக்கத்து மின்கம்பத்தில் கீழ்நோக்கி ஒட்டினார். குழியை மூடிவிட்டார்கள். அம்பு இன்னும் இருக்கிறது.

அவருக்கு ஒரே வேதம், அப்ரூவல் சாம்பிள். வாங்குபவர் ஒப்புதல் முத்திரையிட்ட மாதிரி உடை எப்படியோ, ஆர்டர் முழுவதும் அப்படியே வரவேண்டும். ஒருமுறை மாதிரிச் சட்டையின் பை அரை அங்குலம் சரிந்திருந்தது. தையல்காரர்கள் நல்லெண்ணத்தோடு நேராகத் தைத்தார்கள். அக்கா அத்தனை பைகளிலும் அம்பு ஒட்டிவிட்டார். மேலாளர் ஓடிவந்து, "நேரா இருக்கறது ஒரு குத்தமாங்க்கா?" என்று கேட்டாராம்.

"சாம்பிள்ல கோணலுங்க. அப்பக் கோணல்தானுங்க சரி."

பைகள் அனைத்தையும் பிரித்துக் கோணலாகத் தைத்து அனுப்பினார்கள். வாங்கியவர் மறுசொல்லின்றி ஏற்றுக்கொண்டார்.

என் மனைவி பழைய துணிக்கடையில் ஓர் ஒட்டுப்போர்வை வாங்கினார். பனியன் கட்டிங் துண்டுகளை இணைத்து யாரோ தைத்து, யாரோ போர்த்திச் சலித்தது. அதிலிருந்த கிழிசலை, நீலத் துண்டின்மீது பச்சை நூலால், அவரே தைத்தார். அவருக்குத் தையல் வராது. வராது என்பது அவருக்குத் தெரியவும் தெரியாது. அக்கா அதற்கு அம்பு ஒட்டினார். என் மனைவி அம்பை உரித்துக் கொண்டுபோய் அக்கா வீட்டுக் கதவில் ஒட்டினார். இந்த ஆட்டம் இருவருக்குமிடையே வெகுநாள் நடந்தது.

சென்ற ஆண்டு என் மனைவி காலமானார்.

பிறகு போர்வை மேலும் நான்கு இடங்களில் தையல் விட்டது. தையல்கடைக்காரர், எல்லாவற்றையும் பிரித்து மெஷினில் புதிதாக அடித்துத் தருவதாகச் சொன்னார். அப்படிச் செய்தால் அந்தப் பச்சைத் தையல் போய்விடும். செய்யாவிட்டால் அடுத்த மார்கழிக்குப் போர்வையே இராது. எட்டு நாள் அது நாற்காலியில் மடித்தபடி கிடந்தது. ஒன்பதாம் நாள் எதிரே அக்கா வீட்டுக்கு எடுத்துச் சென்றேன்.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நான்கு கிழிசல்களிலும் அம்பு விழுந்தது. பச்சைத் தையலுக்கு வந்ததும் சுருளைக் கீழே வைத்துவிட்டார்.

"இது சாம்பிளுங்க சார். இதுல யாரும் கை வெக்கக்கூடாது. மத்த நாலும் இது மாதிரியே வரோணுமுங்க."

கடைக்கு அனுப்ப ஒப்பாமல், பச்சை நூல் வாங்கி வரச்சொல்லித் தாமே தைக்க அமர்ந்தார். இடர் அப்போதுதான் தெரிந்தது. அவர் கைக்குக் கோணல் வரவில்லை. நான்கு அங்குலம் போவார், நிறுத்துவார், "அட, நேராப் போயிருச்சுங்களே" என்று பிரிப்பார். என் மனைவி கால்மணி நேரத்தில் செய்த பிழையைச் செய்துமுடிக்க அவருக்கு மூன்று நாள் பிடித்தது.

"எப்படித்தான் இப்படித் தெச்சாங்களோ, மகராசி" என்றார் மூன்றாம் நாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் என்னைச் சற்று உற்றுப் பார்த்துவிட்டு, மறுபடி ஊசியைக் கோத்தார்.

இப்போது போர்வையில் ஐந்து பச்சைக் கோணல்கள். எது யாருடையது என்று எனக்கே சில சமயம் தடுமாறுகிறது.

போன வாரம் அக்கா சோமனூருக்கு, மகள் வீட்டோடு குடிபோனார். மறுநாள் காலையில்தான் கவனித்தேன், என் வீட்டுக் கதவில் ஓர் அம்பு. உரித்துச் சட்டைப் பைக்குள் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சோமனூர் பேருந்து ஏற வேண்டும், பசை காய்வதற்குள்.