திரும்பிப் பார்க்காமல் வைத்துவிட்டுப் போன பொரி

எனக்குத் தெரிந்து வரலாறு இரண்டு வகை. ஒன்று புத்தகத்தில் இருப்பது. அதில் நான் பத்தாம் வகுப்பில் இருபத்து மூன்று மார்க் வாங்கினேன், அதோடு படிப்பும் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். இன்னொன்று நானே செய்வது. அதில் இதுவரை நான் தோற்றதில்லை. ஒரே ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். அப்போதும் தோற்கவில்லை. ஜெயித்துத் தொலைத்தேன். அதுதான் வம்பாகப் போனது.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி ஒரு சின்ன கஃபேயில் எனக்கு வேலை. காபி போடுவது சம்பளத்துக்கு. பலகாரத்துக்குக் கதை சொல்வது என் சொந்த விருப்பத்துக்கு. அங்கே வருகிறவர்கள் எதைத் தின்றாலும் அதன் பூர்வீகத்தைக் கேட்பார்கள். எங்கள் அம்மாவிடம் கேட்டால், "எங்கம்மா செஞ்சாங்க, நான் செய்றேன், தின்னுட்டுத் தட்டக் கழுவி வை" என்பாள். உண்மையான வரலாறு அவ்வளவுதான். அதைச் சொன்னால் பாவம், அவர்கள் முகம் வாடிவிடும். ஆகையால் அதிரசத்துக்கு நடுவில் ஓட்டை போட்டது போர்வீரர்கள் ஈட்டியில் கோத்துக்கொண்டு போவதற்காக என்றேன். கொழுக்கட்டை, ராஜாவுக்குத் தெரியாமல் வெல்லம் தின்ன ஆசைப்பட்ட ஒரு ராணியின் கண்டுபிடிப்பு என்றேன். ஒரு ஜெர்மன்காரர் அந்த ஈட்டியை நோட்டில் படமாகவே வரைந்துகொண்டு போனார். (நல்ல ஈட்டி. என் அதிரசத்தைவிட நன்றாக இருந்தது.)

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. கார்த்திகை தீபத்துக்கு ஒரு வாரம் இருந்தது.

தீபத்தன்று எங்கள் ஊரில் தனியாக இருப்பதற்குத் தனித் திறமை வேண்டும். லட்சக்கணக்கான பேர் மலையைச் சுற்றுவார்கள். தெருவில் நின்றால் நாலு பேர் காலை மிதிப்பார்கள், எட்டுப் பேர் பாத்ரூம் எங்கே என்று கேட்பார்கள். உங்கள் பெயர் என்ன என்று ஒருவர்கூடக் கேட்கமாட்டார். எனக்கு அந்தத் திறமை அந்த வருஷம் வாய்த்தது. அம்மாவும் அப்பாவும் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார்கள். தீபத்தன்றுதான் தளம் போடுகிறார்கள், வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மலர் அக்கா மட்டும் பக்கத்தில், கீழ்பென்னாத்தூரில். கல்யாணம் ஆகி அவளுக்கு முதல் கார்த்திகை. கூடப் பிறந்தவன் பொரி, வெல்லம், தேங்காய் எல்லாம் வாங்கிக்கொண்டு சீர் கொண்டு போகவேண்டும். நான் போகவில்லை. போக முடியாது.

காரணம் ஒரு லட்டு. கல்யாணப் பந்தியில் மாமா (அக்கா புருஷன்) இலையில் லட்டு வைக்க வந்தவரிடம், "மாப்பிள்ளைக்கு வைக்காதீங்க, சக்கரை இருக்குது" என்று சொன்னேன். சும்மா கிண்டல்தான். பந்தி முடிவதற்குள் அது மண்டபம் முழுக்கப் பரவிவிட்டது. நோயை மறைத்துக் கல்யாணம் செய்துவிட்டார்கள் என்று எங்கள் பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். கடைசியில் மாமா இரண்டு வீட்டுப் பெரியவர்களையும் உட்காரவைத்து, அவர்கள் கண் முன்னால் ஆறு லட்டு தின்று காட்டவேண்டியதாயிற்று. ஆறாவது லட்டைத் தின்னும்போது என்னைப் பார்த்தார் பாருங்கள், அந்தப் பார்வை. அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வாயத் தொறக்காம இருக்கக் கத்துக்கிட்டு அப்புறம் என் வீட்டுக்கு வா" என்றாள். எட்டு மாசமாகக் கற்றுக்கொண்டிருந்தேன்.

நான் குடியிருந்தது செங்கம் ரோட்டை ஒட்டிய சந்தில், பத்து வீடு உள்ள ஒரு காம்பவுண்டு. என்னுடையது கடைசி அறை. எதிர் வீட்டில் ஆட்டோ ஓட்டும் பாபு அண்ணன். முதல் வீட்டில் சரோஜா மேடம். வேங்கிக்கால் பக்கம் அரசாங்க ஆபீஸில் சூப்பிரண்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். ஆபீஸ்தான் அவரை விட்டது, அவர் ஆபீஸை விடவில்லை. காம்பவுண்டு சுவரில் ஒரு பலகை மாட்டி, தண்ணீர் மோட்டார் போடும் நேரத்தைக்கூட சுற்றறிக்கையாக ஒட்டுவார்.

அன்றைக்கு மோட்டார் அறைப் பக்கம் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்பா தினேஷு, நான் தஞ்சாவூர்ப் பக்கம். நீ இந்த ஊர்க்காரன். கார்த்திகைக்குப் பொரி எதுக்கு வைக்கிறோம், சொல்லு பாக்கலாம்."

பொரியின் வெள்ளை, சாமி பூசுகிற திருநீறு என்று சிலர் சொல்வார்கள். அறுத்த நெல்லை முதலில் சாமிக்குப் பொரித்துப் படைத்தார்கள் என்று சிலர் சொல்வார்கள். இதையெல்லாம் அவரும் கேட்டிருப்பார். என் மனசு வேறு ஒரு இடத்தில் இருந்தது. கடைசி அறையில், ஒரு பாயில்.

"அது பெரிய கதைங்க மேடம். பாகு ஊத்துன மொத பொரிய வீட்டுல வச்சித் தின்னக்கூடாது. யாரும் இல்லாம ஒண்டியா இருக்கறவங்களுக்குக் குடுக்கணும். அப்பதான் வீட்டுல ஏத்துற வெளக்குக்கு அர்த்தம்."

"ஒண்டியான்னா?"

"குடும்பம் பக்கத்துல இல்லாதவங்க." அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். "நம்ம காம்பவுண்டுல அப்படி யார் இருக்காங்கன்னு எனக்குத் தெரியலைங்க."

மேடம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நடைமுறை என்ன?"

இங்கேதான் நான் நிறுத்தியிருக்கவேண்டும். வந்து கொடுக்கணும், கூட உட்கார்ந்து ரெண்டு வாய் சாப்பிடணும் என்று சொல்லியிருந்தால் கதை அன்றே சுபமாக முடிந்திருக்கும். ஆனால் பொய்யில் எனக்கு ஒரு தொழில் சுத்தம் உண்டு. கொஞ்சம் கஷ்டம் இல்லாத சடங்கை எவனும் நம்பமாட்டான். அந்தக் கஷ்டத்தைச் சேர்த்தேன்.

"தீபம் பாத்தப்புறம் வாசல்ல வச்சிடணும். ஒரு வார்த்த பேசக்கூடாது. திரும்பிப் பாக்காம போயிடணும்."

"பாத்தா?"

"பலன் போயிடும்."

மறுநாள் காலையில் பலகையில் சுற்றறிக்கை. பொருள்: கார்த்திகைப் பொரி வழங்குதல். நிபந்தனைகள் மூன்று. பெறுபவர்: கடைசி அறை தினேஷ்.

தீபத்தன்று எங்கள் சாலையில் வண்டி போகாது, மனிதர்கள்தான் போவார்கள். கஃபேயை மதியமே மூடிவிட்டோம். நான் அறையைப் பெருக்கினேன். சுவரில் இருந்த பழைய கறையைக்கூடத் துடைத்தேன். (அது கறை இல்லை, சுண்ணாம்பின் நிறமே அதுதான் என்று பிறகு தெரிந்தது.) பாயை விரித்தேன். விதி என்னவோ அப்படித்தான், ஆனாலும் நம் ஆட்கள் வாயை மூடிக்கொண்டு எவ்வளவு நேரம் இருப்பார்கள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் இரண்டு தட்டுக் கழுவி வைத்தேன். காலையிலிருந்து விரதம் வேறு. நிஜமான விரதம். அதில் பொய் இல்லை.

ஆறு மணிக்கு மலை உச்சியில் தீபம் தெரிந்தது. ஊரே அரோகரா என்றது. காம்பவுண்டு முழுக்க அகல் விளக்கு. ஐந்து நிமிஷத்தில் என் வாசலில் காலடிச் சத்தம்.

பாபு அண்ணன். கையில் ஒரு தூக்கு. வைத்தார்.

"வாண்ணா, உள்ள வந்து உக்காரு."

தலையை ஆட்டினார். உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். திரும்பினார், போனார். சாதாரண நாளில் ஆட்டோ ஸ்டாண்டுக்கே கேட்கும்படி பேசுகிற மனிதர்.

அடுத்து மூன்றாம் வீட்டு அக்கா, டபரா. ஏழாம் வீட்டில் புதுசாகக் கல்யாணமான ஜோடி, ஒரு டிபன் பாக்ஸ். "ஒரு வாய் தண்ணியாவது குடிச்சிட்டுப் போங்க" என்றேன். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புருஷன் அவள் கழுத்து திரும்பிவிடாமல் கையால் பிடித்துக்கொண்டு நடத்திப் போனான். இப்படியே எட்டு வீடு. ஜோடியையும் சேர்த்து ஒன்பது முதுகு. அந்த முதுகுகளில் யாருடையது எது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும்.

வீடுகளுக்குள் சத்தம் கேட்டது. ஒருவர் வெல்லம் பத்தவில்லை என்றார். ஒருவர் தேங்காய்ப் பல்லை எல்லாம் நீயே பொறுக்கிவிட்டாயா என்று யாரையோ திட்டினார். எனக்கும் திட்டு வாங்க ஆசையாக இருந்தது. என் பொரியில் எல்லாத் தேங்காயும் எனக்கேதான்.

ஒன்பதாவது வீடாகச் சரோஜா மேடம் வந்தார். மலை சுற்றக் கிளம்பி, தோளில் பை மாட்டியிருந்தார். ஒரு எவர்சில்வர் சம்படத்தை வைத்துவிட்டு, கோப்பில் கையெழுத்துப் போட்ட திருப்தியோடு திரும்பினார். என்னால் தாங்க முடியவில்லை.

"மேடம், இன்னொரு விதி மறந்துட்டேன். கூட உக்காந்து சாப்புடணும்."

அவர் நடந்தார். நான் லுங்கியோடு பின்னால் ஓடினேன். சந்தைத் தாண்டி ரோட்டில் கூட்டத்தில் கலந்துவிட்டார். தலைகளுக்கு நடுவில் அவருடைய வெள்ளைக் கொண்டை மட்டும் தெரிந்தது. நான் முழுத் தொண்டையில் கத்தினேன்.

"திரும்பிப் பாருங்க. தயவு செஞ்சி ஒரு தடவ திரும்பிப் பாருங்க."

செங்கம் ரோடு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சேலத்துக்காரர்கள், ஆந்திராக்காரர்கள், காவி கட்டிய வெளிநாட்டுக்காரர்கள், தோளில் பிள்ளையை வைத்திருந்தவர்கள் எல்லாரும். மேடம் ஒருவரைத் தவிர.

ஒரு போலீஸ்காரர் என் தோளைப் பிடித்தார். "யாரத் தொலச்ச?"

"தொலைக்கல சார். அந்தம்மா பொரி குடுத்தாங்க."

"குடுத்தாங்களா, எடுத்தாங்களா?"

"குடுத்தாங்க சார்."

"அப்புறம் இன்னாத்துக்குக் கத்துற?"

இதற்கு நேர்மையான பதில் ஒன்று என்னிடம் இருந்தது. லட்சம் பேருக்கு நடுவில், லுங்கியில் நின்றுகொண்டு அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் கையை விட்டதும் மறுபடி ஓடி, மேடத்தின் முதுகுக்கு ஒரு அடி பின்னால் போய்ச் சேர்ந்தேன்.

"மேடம், அது பொய். நானே கட்டுன கத. தனியா இருக்க ஒரு மாதிரியா இருந்துச்சு, அதான்."

நடந்துகொண்டே, முன்னால் போகிறவரிடம் பேசுவதுபோலச் சொன்னார். "பட்டினி கெடந்து உளர்ற. பெரியவங்க வச்ச வழக்கத்தப் பொய்னு சொல்லாத. போய்ச் சாப்புடு." விதிப்படி அவர் என்னிடம் பேசவே இல்லை.

திரும்பி வந்தேன். வாசலில் இருந்த பாத்திரங்களை உள்ளே அடுக்கி, நடுவில் உட்கார்ந்தேன். பொரியை மென்றால் எவ்வளவு சத்தம் வரும் என்பது நாலு பேரோடு தின்கிறவர்களுக்குத் தெரியாது. தனி அறையில் அது யாரோ சருகு மேல் நடந்து வருவதுபோலக் கேட்கும். இரண்டு தடவை நிறுத்திவிட்டுக் கதவைப் பார்த்தேன். இரண்டாவது தட்டைக் கழுவினபடியே எடுத்து வைத்தேன்.

மறுநாள் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். காலிப் பாத்திரமாகக் கொடுக்கக்கூடாது. இது நான் கட்டியது இல்லை, நிஜமான வழக்கம். ஒரு சீப்பு பழம் வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு பழம் போட்டுக்கொண்டு போனேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், எல்லா வீட்டிலும் உட்காரவைத்துப் பேசினார்கள். முந்தின நாள் அடக்கிவைத்த பேச்சு எல்லாம் சேர்ந்து வந்தது. நான் ரோட்டில் ஓடியதைப் பாபு அண்ணன் நடித்தே காட்டினார்.

ஒன்பது வீடு முடிந்தது. அறைக்கு வந்தால் இன்னொரு சம்படம் மிச்சம் இருந்தது. மூடியைத் திருப்பினேன். பேர் வெட்டியிருந்தது. "அன்பளிப்பு: தம்பி தினேஷ்."

அக்கா கல்யாணத்துக்கு நான் வாங்கிக் கொடுத்தது.

பாபு அண்ணனிடம் ஓடினேன். அவர் யோசித்துச் சொன்னார். "ஆமாண்டா, நீ ரோட்டுல கத்திக்கினு இருந்தப்ப ஒரு பொண்ணு வந்துச்சி. மஞ்சப் பொடவ. பஸ்ஸ ஊருக்கு வெளியவே நிறுத்திட்டான், நடந்தே வந்தோம்னுச்சி. தினேஷ் ரூம் எதுன்னு கேட்டுச்சி. நான் பலகையக் காட்டுனேன். முழுசாப் படிச்சிட்டு, 'திரும்பிப் பாக்கக் கூடாதாண்ணா?'ன்னுச்சி. கூடாதும்மான்னேன். வச்சிட்டு அப்படியே போயிடுச்சி. நல்ல பொண்ணு, ஒரு வாட்டிகூடத் திரும்பல. காம்பவுண்டு கேட்டுக்குப் பக்கத்துல ஒருத்தரு தண்ணி பாட்டிலோட நின்னுனு இருந்தாரு."

தண்ணி பாட்டிலோடு நின்றது மாமா.

அன்று மத்தியானம் வேலைக்குப் போனேன். காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்புப் போட்டேன். எவரும் கதை கேட்கவில்லை, கேட்டாலும் வந்திருக்காது.

நாலாம் நாள், மலை மேல் தீபம் இன்னும் எரிந்துகொண்டிருக்கும்போதே, கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினேன். ஒரு பையில் பொரியும் வெல்லமும் தேங்காயும். மடியில் அந்தச் சம்படம். கதவைத் திறந்தது மாமா. எட்டு மாசம் கற்றுக்கொண்டதை அன்றுதான் உபயோகித்தேன். வாயைத் திறக்கவில்லை. பையையும் சம்படத்தையும் வாசலில் வைத்தேன். திரும்பினேன். நடந்தேன்.

பின்னால் மூடி திறக்கிற சத்தம். பிறகு மாமா குரல்.

"மலரு, உன் தம்பி லட்டு வச்சிட்டுப் போறான். எண்ணி ஆறு."

"வேணாங்க, உங்களுக்குத்தான் சக்கரையாச்சே" என்றாள் அக்கா.

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். என் வழக்கத்தை முதலில் மீறியவன் நான்தான்.

இப்போதும் காம்பவுண்டில் வருஷம் தவறாமல் சுற்றறிக்கை ஒட்டுகிறார்கள். போன வருஷம் கஃபேக்கு வந்த ஒரு பெங்களூர் அம்மா, இந்த ஊரில் ஆயிரம் வருஷமாக இப்படி ஒரு பொரி வழக்கம் இருக்கிறது, தெரியுமா என்று எனக்கே சொன்னார். கேள்விப்பட்டிருக்கிறேன் என்றேன். தீபத்தன்று மட்டும் கடைசி அறைக்குப் பேச்சு இல்லாமல் பொரி வருகிறது, நான் முதுகுகளை எண்ணுகிறேன்.

அக்கா வீட்டில் இது வேறு மாதிரி ஆகிவிட்டது. நான் ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் யாரும் கை காட்டமாட்டார்கள். அக்காவும் மாமாவும் வாசலில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். நான் மூன்று தடவையாவது திரும்பிப் பார்ப்பேன். மாமா தோளில் சாய்ந்திருக்கும் அவர்கள் பையன் மட்டும் தெரு முனை வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டிருப்பான். அவனுக்கு இன்னும் வரலாறு தெரியாது.