தொப்புள் கங்கை

தேர்வாய் கண்டிகைல வெள்ளிக்கெழம காலைல கம்பெனி பஸ்ஸுக்குக்கூட அம்மாங் கூட்டம் நிக்காது. எல்லாம் சரவணன் தொப்புளுக்கு நின்ன கூட்டம்.

பதினாறு வயசுப் பையன். பொறந்ததுலேர்ந்தே தொப்புள்ளேர்ந்து சொட்டு சொட்டா தண்ணி கசியும். அவன் அம்மா செண்பகம் துணி கட்டி மறைச்சிக்கினு இருந்தா. அப்புறம் சுப்பராயன் வந்தான். போன வருசம் மனை புரோக்கரு, இந்த வருசம் நாபிச் சித்தரு.

"இது கங்கைம்மா. சிவன் தலைலேர்ந்து உம் புள்ள வயித்துக்கு எறங்கிக்கீது"ன்னான். அங்க இன்னா எட நெருக்கடியோ.

சொட்டை சொம்புல புடிச்சி, ஒரு டிரம் தண்ணில கலந்து, ஆளுக்கு ஒரு ஸ்பூனு. டோக்கன் நூறு ரூவா. சுகருக்கும் அதே ஸ்பூனு, வேலை பர்மனென்ட் ஆவறதுக்கும் அதே ஸ்பூனு.

சரவணனுக்கு மட்டும் அது ஒண்ணும் பண்ணல. பத்து நாளா காய்ச்சலு, தொப்புளைச் சுத்தி எரிச்சலு. செகண்ட் ஷிப்ட் முடிஞ்சி வந்த அக்கா பூமிகாகிட்ட, போர்வைக்குள்ளேர்ந்தே சொன்னான்.

"பயமா கீதுக்கா. ஆஸ்பத்திரிக்குப் போனா கங்கை கோச்சிக்கினு என் உசுரை எடுத்துக்கும்னு சித்தரு சொல்றாரு. அம்மாவும் நம்புது. ஆனா அந்தத் தண்ணி இன்னா வாடை தெரியுமா?"

"இன்னா வாடை?"

"பஸ் ஸ்டாண்டு செவுத்து வாடை."

பூமிகா சிரிக்கல. அவளுக்கு ரேடியேட்டர் கம்பெனில லீக் பாக்கற வேலை. "எங்க லைன்ல ஓட்டை தெரியலன்னா கலரு தண்ணி உடுவோம்டா. உனக்கும் உடலாம்." பைலேர்ந்து பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை எடுத்தா. "இதைப் போட்டா ஒண்ணுக்கு எப்டிப் போவும்?"

"பளீர்னு மஞ்சளா."

"காலைல போடு."

காலைல சொம்புல சொட்டுனது பளீர் மஞ்சள். கூட்டம் கன்னத்துல போட்டுக்கிச்சி. சுப்பராயன் அரை செகண்டுதான் முழிச்சான். "மஞ்சக் கங்கை! டோக்கன் இருநூறு." ஜனம் இருநூறை எடுத்துச்சி.

பூமிகா அட்டை அட்டையா மாத்திரையோட வந்து நின்னா. "இருநூறு இன்னாத்துக்கு? நான் ஓசில தரேன். தம்பி காலைல இதான் போட்டான். ஆளுக்கு ஒண்ணு போட்டுக்குங்க, ரெண்டு மணி நேரம் கழிச்சி ஒதுங்கிட்டு வாங்க. உங்களுக்கும் மஞ்சக் கங்கை வரும்."

வரிசை எப்டியும் மத்தியானம் வரைக்கும் நவுராது. சிரிச்சிக்கினே போட்டாங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா சித்தரு போட்டிருந்த ஷெட்டுக்குப் பின்னாடி போனாங்க. திரும்பி வந்தவங்க ஒருத்தரும் சிரிக்கல. எட்டு வாரமா குடிச்ச அருணாச்சலம் பெரியவரு குழாயத் தொறந்து வாயைக் கொப்புளிச்சிக்கினே இருந்தாரு.

"அப்ப நான் குடிச்சது..."

"அதேதான் பெரிப்பா."

"உப்புக் கரிக்கும்போதே நெனச்சேன்."

சித்தரு காவியை முட்டிக்கு மேல தூக்கிக்கினு ஓடிட்டாரு. செண்பகம் டிரம்மை எட்டி ஒதைச்சா. புள்ள தோளைப் புடிச்சிக்கினு, "எந்த ஆஸ்பத்திரி, பூமி?"ன்னா.

டாக்டரம்மா ஸ்கேன் பாத்துட்டு சொன்னாங்க. "மூத்திரப்பைக்கும் தொப்புளுக்கும் நடுவுல ஒரு குழா. பொறக்கறதுக்குள்ள மூடிக்கணும். இவனுக்கு மூடல, அபூர்வமா இப்டி ஆவும். இப்ப சீழ் புடிச்சிக்கீது. மொதல்ல அதை அடக்கிட்டு, மூணு சின்ன ஓட்டை போட்டு, காமிரா உட்டு எடுத்துடலாம்."

எடுத்துட்டாங்க. இப்ப சரவணன் சட்டை காஞ்சே கீது. கங்கை யாரு உசுரையும் எடுக்கல.

சுப்பராயன் வேற ஊர்ல கடை போட்டுட்டானாம். போவாதீங்கன்னா கேக்கவா போறீங்க? போங்க. வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடி மட்டும், இது எங்கேர்ந்து வருதுன்னு ஒரு தபா கேட்டுக்குங்க.