விரால் கேட்ட கேள்வி

ஒரே ஒரு விரால் குழம்புக்காக நான் பேயா மாறினேங்க.

என் பொண்டாட்டி கலையரசி, ஞாயித்துக்கிழமை விடிஞ்சா தெருப் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு எங்க குன்னத்து ஏரிக்குப் போயிடுவா. ஆமை, தவளை, நத்தைன்னு கிட்டக்க காட்டுவா. பிளாஸ்டிக் பைப்பைத் தண்ணியில வுட்டு, மறுமுனையைக் காதுல வச்சு, "மீனு என்ன சொல்லுதுன்னு கேளுங்கடா"ம்பா.

ஒரு வாரம் விரால் பாடம். செவப்புக் குஞ்சுங்க கூட்டமா மேல வரும். அடியில தாய் காவல் இருக்கும். அங்க தூண்டில் போட்டா தாய் பாய்ஞ்சு கவ்வும். எனக்கு நாக்குல எச்சி ஊறிடுச்சு.

"தாயைப் பிடிச்சா குஞ்சு அத்தனையும் போச்சுங்க. அப்புறம் நம்ம வூட்ல அடுப்பு எரியாது"ன்னுட்டா.

பிள்ளைங்க வராட்டி ஏரி எனக்குத்தானே? "ஏரியில வெள்ளையா ஒண்ணு நிக்குது"ன்னு டீக்கடையில கிளப்பி வுட்டேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை. இன்னும் சரியா வெளுக்கலை. வெள்ளை வேட்டியால முக்காடு போட்டுக்கிட்டு, கோரைக்குள்ள முழங்கால் தண்ணியில நின்னேன். ஒரே பனி, எதிர்க்கரையே தெரியலை. கத்திக்கிட்டிருந்த தவளைங்க திடீர்னு நின்னுடுச்சு. செவப்புக் குஞ்சுங்க மேல வந்து என் காலைச் சுத்தி வட்டம் போட்டுச்சு. தூண்டிலை ஓங்கினேன்.

காலடியில தண்ணி குமிழ் விட்டுச்சு.

"கொளஞ்சீ..."

என் பேருங்க!

"யா... யாரு?"

"என் புள்ளைங்களை இனி யாரு பாத்துக்குவா?"

"தாயே! தொடமாட்டேன்! குஞ்சு பெருசாகுற வரைக்கும் தினம் நானே காவல் நிக்கிறேன்! சத்தியம்!"

கோரைக்குப் பின்னால கைதட்டல். கலையரசி நிக்கிறா, சுத்தி பிள்ளைங்க. அவ கையில பைப்பு. மறுமுனை என் காலடியில.

"பேயைப் பாக்கணும்னு பக்கத்துத் தெருப் பிள்ளைங்களும் வந்துட்டாங்க, உங்க புண்ணியத்துல."

"அடிப்பாவி! நான்தான்னு எப்படித் தெரியும்?"

"நேத்தே வேட்டிக்கு இஸ்திரி போட்டீங்களே. எந்தப் பேய் மடிப்புக் கலையாம வருங்க?"

பிள்ளைங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. மானம் போச்சு. இருந்தாலும் வூட்டுக்குப் போற வழியில மிரட்டினேன். "கட்டின புருஷனைப் பேர் சொல்லிக் கூப்புடுற அளவுக்கு வந்துட்டியா?"

கலையரசி நின்னுட்டா. முகத்துல சிரிப்பு இல்ல.

"பேரா? புள்ளைங்களை யாரு பாத்துக்குவான்னு மட்டும்தாங்க நான் கேட்டேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து உங்க பேரு என் வாயில வந்திருக்கா?"

வந்ததே இல்லைங்க. ரேஷன் கடையில கேட்டாக்கூட பக்கத்துல நிக்கிறவங்களைத்தான் சொல்லச் சொல்லுவா.

அன்னைலேர்ந்து தினம் விடியக்காலையில ஏரியில காவல் நிக்கிறேன். கலையரசிதான் வேட்டிக்கு இஸ்திரி போட்டுக் குடுக்கிறா. போடுறப்ப ஏன் தனியா சிரிச்சுக்கிறான்னுதான் எனக்குப் புரியலை.