நாய் ஒப்புக்கொள்ளாத முகவரி

பிள்ளையை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்க எந்தத் தகப்பனும் கொஞ்சம் பொய் சொல்லத்தான் செய்வான். அந்தப் பொய்யோடு கல்தூணில் ஏறித் தொங்கியவன் தேனி மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சின்னமனூரில் எனக்கு மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் கடை. தெருமுனையிலேயே அரசுப் பள்ளி இருந்தது. ஆனால் அது நான் படித்த பள்ளி. (என்னைப் பார்த்த பிறகும் பையனை அங்கே அனுப்ப மனசு வருமா?) எதிர்வீட்டுப் பிள்ளை டை கட்டிக்கொண்டு வேனில் ஏறும்போதெல்லாம் என் மகன் கவின் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பான். எனக்கு வயிறு எரியும். அந்த ஃபீஸைக் கட்ட என் கடையை விற்றாலும் பற்றாது.

அப்போதுதான் அந்தத் திட்டம் காதில் விழுந்தது. தனியார் பள்ளியில் நாலில் ஒரு இடம் ஏழைப் பிள்ளைகளுக்கு. ஃபீஸை அரசாங்கமே கட்டிவிடும். எங்களுக்கு இடித்தது ஒரே ஒரு நிபந்தனை: வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஓடைப்பட்டிப் பக்கம் ஒரு பெரிய ஆங்கிலப் பள்ளி. அதற்குப் பக்கத்திலேயே என் மனைவி செல்வியின் அண்ணனுக்குத் திராட்சைத் தோட்டம், அதில் ஒரு மோட்டார் ரூம். என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. (அது வேலை செய்த நாளெல்லாம் வீட்டுக்குக் கெட்ட நாள்.)

மோட்டார் ரூமில் கட்டில் போட்டேன், காலண்டர் மாட்டினேன், கொடியில் என் லுங்கியைக் காயப்போட்டேன். அதையே வீட்டு முகவரியாகக் காட்டி விண்ணப்பமும் போட்டேன்.

"ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கீழ வச்சுத்தான் சமைக்கணுமா?" என்றாள் செல்வி.

மச்சானுக்கு வேறு கவலை. "மாப்ள, நம்ம தோட்டத்து நாய் கோம்பை ஜாதி, புது ஆளக் கண்டா விடாது. நாலு நாள் வந்து சோறு வச்சுப் பழகிக்கங்க."

"விசாரிக்க வர்றவுக நாய்கிட்டயா கேக்கப் போறாக?" என்று சிரித்தேன்.

கல்வி ஆபீஸிலிருந்து விசாரிக்க வந்த மேடம் முன்கூட்டிச் சொல்லாமல் நேராகத் தோட்டத்துக்கே வந்து, அங்கிருந்து எனக்குப் போன் செய்தார். மச்சான் உரம் வாங்கப் போயிருந்தார். கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, செல்வியையும் கவினையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு பறந்தேன்.

"வாங்க மேடம், நம்ம வீடுதான்" என்று கேட்டைத் திறந்து ஒய்யாரமாக உள்ளே காலை வைத்தேன். பந்தலுக்குக் கீழிருந்து செம்பழுப்பாக ஏதோ பாய்ந்து வந்தது. கெண்டைக்காலில் தீப்பிடித்த மாதிரி இருந்தது. எப்படி ஏறினேன் என்று தெரியாது, பந்தலின் கல்தூண் உச்சியில் இருந்தேன். நாய் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தது.

மேடம் கேட்டுக்கு வெளியே நின்றபடியே விசாரணையைத் தொடங்கினார்.

"எத்தனை வருஷமா இங்க குடியிருக்கீங்க?"

"மூணு வருஷமா மேடம்."

"நாய்க்குத் தெரியாதா?"

"அது... புதுசு மேடம்."

அந்த நேரம் பார்த்து மச்சான் உர மூட்டையோடு வந்து சேர்ந்தார். "ஏலே, விடுறா" என்றதும் நாய் வாலை ஆட்டிக்கொண்டு அவரிடம் ஓடியது. மேடத்தைப் பார்த்ததும் பழம் வாங்க வந்தவர் என்று நினைத்துவிட்டார் மனுஷன்.

"நான் இருக்கேன், பயப்படாம உள்ள வாங்க மேடம். வீட்டாளுகளை இது ஒண்ணும் செய்யாது. இவுக சின்னமனூர்ல இருக்காக, எப்பயாச்சும்தான் இங்கன வருவாக. அதான் பிடிச்சிருச்சு."

செல்வி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். மேடம் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"உங்க தெருவுல கவர்மெண்ட் ஸ்கூல் இருக்கா?"

"முக்குலயே இருக்கு மேடம்."

"அங்கயும் அரசாங்கம்தான் செலவு பண்ணுது. வாத்தியார் சம்பளம், புத்தகம், சாப்பாடு, எல்லாம். அதை ஏன் வேண்டாங்கிறீங்க?"

தூணைக் கட்டிப்பிடித்தபடியே வழுக்கிக்கொண்டு கீழே இறங்கினேன். சீட்டுப் போய்விட்டது. கால் வலியைவிடக் கவின் முகத்தைப் பார்ப்பதுதான் பெரிய வேதனையாக இருந்தது. பயலோ மச்சான் பக்கத்தில் நின்று நாய்க்கு பிஸ்கட் போட்டுக்கொண்டிருந்தான்.

தெருமுனைப் பள்ளியில் சேர்ந்த கவின் இப்போது ஒன்பதாவது படிக்கிறான். என் கடை பில்லில் தப்புக் கண்டுபிடிக்கும் அளவுக்கு நன்றாகவே படிக்கிறான். ஆனால் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் ஒன்று விடாமல், பந்தியில் நான் உட்கார்ந்ததும் செல்வி ஆரம்பித்துவிடுவாள்.

"பிள்ளைக்குக் கவர்மெண்ட் செலவுல சீட்டு வாங்குறேன்னு போனாக. தனக்குக் கவர்மெண்ட் செலவுல நாய்க்கடி ஊசி போட்டுட்டு வந்தாக. ஆஸ்பத்திரியிலதான் சொந்த அட்ரஸை ஒழுங்காச் சொன்னாக."