அலமாரி மேல் ஏறிய பந்து

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் அக்கா மகள் எழுதுவது. இங்கே உடைந்தவை போக மற்ற எல்லாம் நலம். உங்கள் வெளியூர்ப் பயிற்சி எப்படிப் போகிறது? போனில் உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு "சரி சித்தி" தவிர வேறெதுவும் வாயில் வராது. அதனால்தான் கடிதம்.

நான் முதலில் கவனித்தது உங்கள் குட்டியின் விரல்களை. நீங்கள் புறப்பட்ட மூன்றாம் நாள், கட்டிலுக்கடியில் கிடந்த சிவப்பு ரப்பர் பந்தை அவன் பக்கம் உருட்டினேன். பந்து பாதி வழியில் வரும்போதே அவனுடைய பத்து விரல்களும் விரிந்துவிட்டன. மூன்று வயதாகியும் ஒரு வார்த்தை பேசாத பிள்ளை, வரப்போவது என்னவென்று தெரிந்து காத்திருந்தான்.

படம் போட்ட அட்டைகளைக் காலையும் மாலையும் காட்டச் சொன்னீர்கள். காட்டினேன் சித்தி. சிங்கத்தைத் தின்றுவிட்டான், யானையில் தும்பிக்கைதான் மிச்சம். ஆகவே பந்தை எடுத்தேன், எடுத்த அன்றே சுவர்க்கடிகாரம் போனது, மறுநாள் ஆபீசிலிருந்து வந்து சாய்ந்திருந்த சித்தப்பாவின் மூக்குக்கண்ணாடி போனது, "உன் சித்தி ஒரு ஊமைக்கோட்டான்கிட்ட பிள்ளைய விட்டுட்டுப் போயிருக்கா, அவன் எங்கேருந்து பேசுவான்?" என்று அவர் கத்த, நான் தலையைக் குனிந்துகொண்டேன், குட்டி குனியவில்லை, பந்தை எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டு நாலடி பின்னால் போய்க் கையை நீட்டிக்கொண்டு நின்றான், சித்தப்பா வேறு வழியில்லாமல் போட்டார், அதற்குள் கீழ்வீட்டுத் தையல்காரர் கழுத்தில் டேப்போடு படியேறி வந்து, "ஏம்மா, என் தலைமேல என்ன இடிக்கிறீங்க? திடுக்குனு ஆகி ஒரு சட்டைக்கு மூணு கை வெச்சுட்டேன்!" என்றார், குட்டி அவர் காலடிக்குப் பந்தை உருட்டினான், அவர் திட்டிக்கொண்டே திருப்பி உருட்டினார், அரைமணி நேரம் திட்டினார், இப்போது தினமும் ஐந்து மணிக்குத் திட்ட வருகிறார்.

நான் எட்டாவதோடு நின்றவள். கண்ணால் கண்டதை மட்டும் சொல்கிறேன். முதல் வாரம் பந்தை நெஞ்சோடு கட்டிப்பிடித்தவன் இப்போது இரண்டு கைகளாலேயே பிடிக்கிறான். எனக்கு வேகமாகப் போடுகிறான். தையல்காரருக்கு முழங்கால் வலி, அவருக்கு மெதுவாக உருட்டுகிறான். யாரும் சொல்லித் தரவில்லை. பந்து படியில் குதித்து இறங்கும்போது நான் எண்ணுவேன். அவன் படிக்கொரு முறை தலையாட்டுவான். எல்லாவற்றையும்விட, போட்டுவிட்டுக் காத்திருக்கிறான். பேச்சும் அப்படித்தானே சித்தி? ஒருவர் போட, ஒருவர் பிடித்துத் திருப்பிப் போட. எனக்குத்தான் பிடித்து வைத்துக்கொள்ள மட்டுமே தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை வேண்டுமென்றே பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டேன். காத்திருந்தான். காலை உதைத்தான். பிறகு, "போடு" என்றான்! எதிரே உட்கார்ந்திருந்த தையல்காரர் போட்ட கூச்சலில் சித்தப்பா குளியலறையிலிருந்து முகமெல்லாம் சோப்போடு ஓடிவந்து, "எங்கே, இன்னொரு தடவை சொல்லு ராஜா" என்றார். சொல்லவில்லை. சாட்சி தையல்காரர் மட்டும்தான். அவருக்குக் காது மந்தம் என்கிறார் சித்தப்பா. காது மந்தமானவர் சத்தம் தாங்காமல் எப்படிப் படியேறி வந்தார் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

உடைந்த கணக்கையெல்லாம் சித்தப்பாவிடம் கேட்டுவிட்டு, நேற்று போனில் என்னிடம், "திங்கட்கிழமை ஸ்கூல்ல அவனைப் பார்க்கப் போறாங்க. வாயத் திறக்கலன்னா இடம் கிடையாது. இனிமே பந்து உருண்டா, நீயும் உங்க வீட்டுக்கே போயிடு" என்றீர்கள். "சரி சித்தி" என்றேன். எனக்குப் போக மனமில்லை. அதனால் பந்தை அலமாரி மேல் வைத்துவிட்டேன். இனி தொடமாட்டேன், சத்தியம். புது அட்டைகளும் வந்துவிட்டன.

சித்தப்பா விசாரித்தார். தையல்காரர் வணக்கம் சொன்னார். உங்கள் மகனின் எச்சில் முத்தம் ஒன்று இத்துடன்.

இப்படிக்கு,
உங்கள் ஊமைக்கோட்டான்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது குட்டி என் முழங்கையைப் பிடித்து இழுத்தான். அலமாரியைக் காட்டி, "அக்கா, பந்து மேல. போடு" என்றான். நான்கு வார்த்தைகள் சித்தி, சித்தப்பாவும் கேட்டார். படித்துக்கொண்டிருந்த பேப்பரை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். குட்டியும் என்னைப் பார்த்தான், பத்து விரல்களையும் விரித்துக்கொண்டு. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன்.