சுவருக்குச் செய்த மரியாதை

பங்க் ப்ளூஸ் என்ற கலப்பிசை எங்கே பிறந்தது என்று தெரியாமலேயே டெட்ராய்ட்காரர்கள் இத்தனை காலம் நிம்மதியாக இருந்துவிட்டார்கள். இந்நிலை நீடிக்கலாகாது என்று எங்கள் பாரம்பரியப் பாதுகாப்பு அலுவலகம் தீர்மானித்தது. இயக்குநர் ஹாலோவே விசாரணைக்குக் கிளம்பினார். குறிப்பெடுக்க நானும் போனேன்.

சலவைக்கடையின் பின்னறையில் ஓடெல் கிட்டாரும் லோர்னா டிரம்ஸும் வாசிப்பார்கள். வேறு ஆள் கிடையாது. வெள்ளிக்கிழமை எதிர்த்த மதுக்கடையில் அவர்களுடைய முதல் கச்சேரி.

"உங்க குரு யாரு?" என்றார் இயக்குநர்.

"இந்தச் சுவருதான் சார்," என்றான் ஓடெல். "ஆரம்பத்துல நாங்க சேந்து வாசிக்கல. இந்தப் பக்கம் நான் மாமாகிட்ட கத்துக்கிட்ட ப்ளூஸ வாசிப்பேன். அந்தப் பக்கம் இவ பங்க்னு சொல்லி டிரம்ஸ ஒடைப்பா. என் பாட்டு எனக்கே கேக்கல. சத்தத்தக் கூட்டினேன்."

"நான் வேகத்தக் கூட்டினேன்," என்றாள் லோர்னா. "சண்டை போட வந்தான் சார். வர்றவன் கிட்டாரோடயா வருவான்?"

இயக்குநர் கண்ணை மூடிச் சுவரைத் தடவினார். மறுநாளே பித்தளைப் பலகை ஏறியது: 'பங்க் ப்ளூஸ் உதித்த சுவர். அதிர்வு ஆகாது. இசைக்கத் தடை.'

"அப்ப ஒத்திகைக்கு எங்க சார் போறது?"

"இசையக் காப்பாத்தணும்னா நீங்களும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும்மா."

செய்தி பரவியது. மாடிவீட்டு வெர்னா அம்மாள் ஓடிவந்தார். "சத்தத்த நிறுத்துங்கடான்னு தொடப்பக்கட்டையால தரையத் தட்டினேனே, அந்தத் தாளம் என்னோடது!" அவருடைய தரைக்கும் பலகை. முடிதிருத்தும் கஸ் சொன்னார்: "தெனம் போலீஸக் கூப்பிட்டது நான். அதுக்குப் பயந்துதானே பாட்ட ரெண்டு நிமிஷத்துல முடிக்கக் கத்துக்கிட்டாங்க!" அவர் கடைக்கும் பலகை. மதுக்கடைக்காரர் விடுவாரா? "நான் எறிஞ்ச பாட்டில்லதான் அவன் ஸ்பீக்கர் கிழிஞ்சுது. அந்தக் கரகரப்பு என் கொடை." அவருக்கும் பலகை. அத்தோடு கச்சேரிக்கும் தடை.

தெருவில் பலகை இல்லாத கட்டடம் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது: எங்கள் அலுவலகம். அதன் சாவி என்னிடம் இருந்தது. அதற்கு மேல் நான் விளக்க விரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை எங்கள் கூடத்தில் நிற்க இடமில்லை. வெர்னா அம்மாள் துடைப்பத்துடனே வந்திருந்தார். மேல்மாடியில் வேலை முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்த இயக்குநர் பூட்ஸ் காலால் தரையை உதைத்தார். "நிறுத்துங்க! நிறுத்துங்க!"

லோர்னா அந்த உதையை அப்படியே பிடித்துக்கொண்டாள். ஓடெல் "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று பாடினான். கூட்டமும் சேர்ந்து பாடியது. மேலே உதை கொஞ்சம் தாளத்தோடு விழத் தொடங்கியதை நான் கவனித்தேன்.

திங்களன்று இயக்குநரே ஏணியில் ஏறி எங்கள் வாசலில் பலகை மாட்டினார். அன்று முதல் இங்கே அதிர்வு ஆகாது. நடக்கக் கூடாது, முத்திரை குத்தக் கூடாது, தொலைபேசி அடிக்கக் கூடாது.

அலுவலகத்தில் ஏதோ மாறிவிட்டதாகப் பொதுமக்களிடமிருந்து இதுவரை ஒரு புகாரும் வரவில்லை.