தாய்மாமனுக்குத் தபாலில் போன பத்திரிகை

தல்லாகுளம், மதுரை
4.5.2009

சிரஞ்சீவி அருள்பாண்டிக்கு, மாமன் முத்துக்கருப்பன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு நானும், உன்னைக் கட்டிக்கொள்ளப்போகும் என் மகள் அஸ்வினியும் நலம். உன் அத்தை ஜெயக்கொடி நலமா என்று தெரியவில்லை. என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். போனில் சொல்லலாமென்றால் "மீட்டிங் மாமா" என்று வைத்துவிடுகிறாய். ஆகவே கடிதம்.

கல்யாணப் பத்திரிகை யாருக்கு எப்படிப் போக வேண்டும் என்பதற்கு நீ ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தாய். வெளியூர்க்காரர் என்றால் தபால், தாய்மாமன் என்றால் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைப்பு, இரண்டுமில்லை என்றால் ஆள் மூலம் கொடுத்தனுப்புவது. சொந்தபந்தத்தின் பேர், ஊர், உறவுமுறையெல்லாம் அடுக்கிவைத்த டேட்டாபேஸ் என் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு ரகம், திருப்பரங்குன்றம் அச்சகத்தில் வேறு ரகம். இந்த 'என்றால், இல்லையென்றால்' சமாச்சாரத்தை ஒவ்வொன்றும் தன் பாஷையில் சொன்னால்தான் கேட்குமாம். அதற்காக நடுவில் ஓ.ஆர்.எம். என்று மொழிபெயர்த்துச் சொல்லும் ஒரு சாஃப்ட்வேர் தரகரை உட்காரவைத்தாய். "நான் ஒரு தடவ எழுதுனாப் போதும் மாமா, அதது பாஷையில அதுவே சொல்லிரும். எங்க ஓட்டுனாலும் ஒரே பதில்தான்" என்றாய். இரண்டு வீட்டிலும் ஒரே பதில் சொன்ன கல்யாணத் தரகரை நான் பார்த்ததே இல்லை. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். நேரில் போகவேண்டிய வீடுகளை அது சொல்லும் என்று சட்டையை மாட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

அஸ்வினியின் தாய்மாமன், என் மச்சான் வெள்ளைத்துரை, இருப்பது சமயநல்லூர். 'வெளியூர்' என்று கண்டதும் உன் புரோகிராம் அடுத்த கேள்வியைக் கேட்காமலே எழுந்துவிட்டது. அச்சகத்தார் தபால்தலை ஒட்டி அனுப்பிவிட்டார். நான் பதறிப்போய்த் தாம்பூலத் தட்டோடு ஓடினால் தபால் முந்திவிட்டது. மச்சான் தட்டைத் தொடவில்லை. "தங்கச்சி மக கல்யாணத்துக்கு எனக்குத் தபாலா? அந்தத் தபால்காரனையே மணவறையில நிப்பாட்டி மாலையப் போடச் சொல்லுங்க, நான் வரல" என்கிறார். தாய்மாமன் மாலை விழாமல் பெண்ணை மேடையேற்ற மாட்டேன் என்று ஜெயக்கொடி சொல்லிவிட்டாள். அஸ்வினி அழுகிறாள். எனக்கும் சோறு இறங்கவில்லை, மாப்ள.

என் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் ஓட்டிப் பார்த்தேன். அதிலும் மச்சானுக்குத் தபால்தான். நீ சொன்ன சொல் தவறவில்லை. எங்கே ஓட்டினாலும் ஒரே தப்பு. தாய்மாமனா என்று முதலில் கேட்டுவிட்டு, பிறகு ஊரைக் கேட்கும்படி இன்றே மாற்று. முடியாவிட்டால் அந்தத் தரகரைத் துரத்திவிடு.

கள்ளழகர் உனக்கு நீண்ட ஆயுளும், இனியாவது முறை தெரிந்த புரோகிராமும் அருளட்டும். அக்காவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
மாமன் முத்துக்கருப்பன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் உன் அம்மா போன் செய்தார். சென்னையில் இருக்கும் உனக்கும் தபாலில்தான் பத்திரிகை வந்ததாம், 'வந்து மணமக்களை வாழ்த்தவும்' என்று. நீயும் கோபித்துக்கொண்டு வரமாட்டேன் என்கிறாயாம். இதை மச்சானிடம் சொன்னேன். சிரிசிரியென்று சிரித்துவிட்டு, "தாலி கட்டுறவனுக்கே தபாலா? அப்ப எனக்கு ஒரு கொறையும் இல்ல, நான் வாரேன்" என்றார். ஆகவே புரோகிராமில் ஒரு எழுத்தையும் மாற்றாதே. வரும்போது உனக்குப் பத்திரிகை வந்த அந்த உறையை மறக்காமல் கொண்டு வா. தபால் முத்திரையைப் பார்த்த பிறகுதான் மச்சான் மாலையைத் தொடுவாராம்.